துரை நிக்கிறாரா?

வேலையில் இருந்தவரை, மதியம் சுரங்கத்தில் வெடி போட்டு முடித்ததும் நான் முதலில் செய்த காரியம் வீட்டுக்குப் போன் அடிப்பதுதான். சாப்பிட்டாயா, கேஸ் வந்ததா என்றெல்லாம் கேட்க மாட்டேன். "துரை நிக்கிறாரா?" என்று கேட்பேன். என் மனைவி அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு ஹாலுக்குப் போய்ப் பார்த்து, "நிக்கிறாரு" என்பாள். சில நாள் இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அது எனக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். போய்ப் பார்த்துவிட்டுச் சொல் என்று எரிந்து விழுவேன். தன் உடம்பைப் பற்றி நான் ஒரு நாளாவது இப்படி விசாரித்ததுண்டா என்பது அவளுடைய நிரந்தரப் புகார். நியாயமான புகார்தான்.

துரை ஒரு பீங்கான் பொம்மை. ஒரு சாண் உயரம். பிரான்ஸ் தேசத்தில் செய்த ஆட்டிடையன். நீலச் சட்டை, முழங்காலோடு நிற்கும் கால்சட்டை, ஒரு காலை மரக்கட்டையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு புல்லாங்குழல் வாசிப்பான். வாசிக்கிறபோதே தலையை நமக்கு வலது பக்கமாகத் திருப்பி யாரையோ பார்த்துக்கொண்டிருப்பான். இடது கைச் சுண்டுவிரல் நுனி உடைந்திருக்கும். துரை என்று பெயர் வைத்தது என் மனைவி. ஆடு மேய்க்கிறவன் எப்படித் துரையாவான் என்று கேட்டதற்கு, வருஷம் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் நிற்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்றாள்.

நான் வெடி வைக்கும் பிரிவில் இருந்தேன். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணில் சில இடங்களில் கெட்டிப் பாறை வரும். மண்ணை வெட்டும் பெரிய சக்கர இயந்திரத்தின் பல் அதில் இறங்காது. அதனால் குழி போட்டு, மருந்து இறக்கி, வெடித்துத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். காலை முழுக்க அந்த வேலை. மதியம் சங்கு ஊதி வெடி. எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த பிளாக்குக்கு வந்து சேர்வது அதில் மிச்சம் மீதிதான். ஜன்னல் கண்ணாடி ஒரு தடவை 'டக்' என்னும். அவ்வளவே. ஆனால் அந்த 'டக்'கில் பீங்கான் பொம்மை ஒரு நூல் நகரும். துரையின் காலடியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். மாதக் கடைசியில் அவர் கோட்டைத் தாண்டியிருப்பார். அப்புறம் அடியில் தேன்மெழுகு ஒட்டி நிறுத்தக் கற்றுக்கொண்டேன்.

பகலெல்லாம் பாறையை உடைத்துவிட்டு வருகிறவன் வீட்டில் உடைகிற பொருளாகப் பார்த்துச் சேர்க்கிறானே, இது என்ன பிழைப்பு என்று ஷிப்டில் கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்குப் போயிருந்தேன். மழைக்கு ஒதுங்கிய இடம் பழைய மேஜை நாற்காலி விற்கும் கடை. அங்கே ஒரு வாஷ்பேசினுக்குள் பழைய சாவிகளோடு சாவியாகத் துரை படுத்துக் கிடந்தார். முகத்தில் தூசி. துடைத்ததும் கன்னத்தில் சிவப்பு வந்தது. எங்கள் தெக்கத்தி வீட்டில் பித்தளையும் எவர்சில்வரும் பார்த்து வளர்ந்தவன் நான். கையில் எடுத்தால் மூச்சை அடக்கத் தோன்றுகிற பொருளை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன்.

கடைக்காரர் வயதானவர். பொம்மையைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் சுண்டுவிரல் போகிற அளவு ஓர் ஓட்டை, சூளையில் வேகும்போது காற்று வெளியேறுவதற்கு. ஓட்டையின் ஓரத்தில் நீல மையில் ஒரு முத்திரை. அதற்குக் கீழே, பச்சை மண்ணாக இருந்தபோதே ஊசியால் கீறிய ஓர் எண். இது ஒண்டிக்கட்டை இல்லை, ஜோடி என்று சொன்னார் அவர். இதே எண்ணோடு ஒரு பெண் பொம்மை இருக்கும், காலடியில் ஆட்டுக்குட்டியோடு. அவளைப் பார்த்துத்தான் இவன் வாசிக்கிறான். ரெண்டும் சேர்ந்துதான் கப்பலேறி வந்திருக்கும், எங்கேயோ பிரிந்துபோயிற்று என்றார். விற்கிறவன் பேச்சுதான். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்த ஒருத்தியைத் தேடிப் போய்த்தான் மற்றதெல்லாம் வந்து சேர்ந்தது. மூடி போட்ட மிட்டாய்ப் பெட்டி, ரோஜாக் கொடி சுற்றிய மெழுகுவர்த்தித் தண்டு, தங்க விளிம்பு போட்ட சென்ட் பாட்டில், வால் ஒட்டவைத்த நாய்க்குட்டி, முள் இல்லாத கடிகாரக் கூடு என்று முப்பது உருப்படி. எல்லாம் பாண்டியில் கைமாறின வீடுகளின் மிச்சம். ஏமாந்து வாங்கிய போலிகளும் உண்டு. அவற்றை மேல்தட்டில் பின்வரிசையில் நிறுத்தியிருந்தேன், தண்டனையாக. கரித்தூள் படிந்துகொண்டே இருக்கும் ஊர் என்பதால் மாதம் ஒரு தடவை டப்பில் துண்டு விரித்து, குழந்தைகள் ஷாம்பூ போட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் குளிப்பாட்டுவேன். அன்றைக்கு என்னிடம் யாரும் பேசக்கூடாது. ஆனால் அந்த ஒருத்தி மட்டும் கிடைக்கவேயில்லை.

இதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதை எடுத்தாலும் கை தானாகக் கவிழ்த்துப் பார்க்கும். முத்திரை பார்க்காமல் பொருளைப் பார்த்த மாதிரியே இருக்காது. ஓட்டலில் தட்டு, டாக்டர் மேஜையில் பேனா ஸ்டாண்ட், எதுவும் தப்பாது. என் மச்சினன் மகளுக்கு நிச்சயம் பண்ணப் போன இடத்தில் காபிக் கோப்பையைக் கவிழ்த்தேன். பாதி காபி இருந்தது. என் மனைவியின் பட்டுப்புடவையில் இன்றைக்கும் அந்தக் கறை உண்டு. ஒரு நாள் இந்தக் கை உங்களை நல்லா மாட்டிவிடும் என்று அவள் சொன்னாள். மாட்டிவிட்டது.

ஓய்வு பெறச் சில மாதமே பாக்கி இருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், வடக்குத்துப் பக்கம் கட்டின வீட்டுக்குப் போக வேண்டும். அந்தச் சமயத்தில் ஒரு புகார் மனு வந்தது. கம்மாபுரம் பக்கம், சுரங்கத்தின் ஓரத்துக் கிராமத்தில் ஓர் அம்மா எழுதியது. வெடி போடும்போது வீடு ஆடுகிறது, சுவர் விரிகிறது, வந்து பாருங்கள் என்று. அது அவருடைய மூன்றாவது மனு. விரிசல் வெடியாலா, மண் இளக்கத்தாலா, வீடு பழசானதாலா என்பது கண்ணால் பார்த்துச் சொல்கிற விஷயமில்லை. அதற்கு அதிர்வு மீட்டர் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நான் போனேன். அன்றைக்கு வெடிப் பொறுப்பு இன்னொருவருக்கு.

அதிர்வு மீட்டர் என்பது ஒரு சின்னப் பெட்டியும், அதிலிருந்து வயரில் வரும் ஒரு உருண்டைச் சென்சாரும். சென்சாரை வீட்டுத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு மணல்மூட்டையைப் போட வேண்டும். வெடிக்கும்போது தரை எவ்வளவு ஆடியதென்று அது கோடு போட்டுக் காட்டும். ஒரே ஒரு கட்டளைதான்: வெடிக்கிற நேரத்தில் அருகில் யாரும் அசையக்கூடாது. ஓர் ஆள் காலைத் தூக்கி வைத்தால்கூட அது வெடியைவிடப் பெரிய கோடாக விழும். அப்புறம் அந்தப் பதிவு குப்பைக்குத்தான். இதை நூறு வீட்டில் நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, அப்போது ஷிப்டில் இருந்தார். ஒற்றை அறை வீடு, பின்னால் ஒரு சமையல் சாய்ப்பு. விரிசலை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். எந்த விரிசல் எந்த மழைக்கு முந்தியது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் தலையாட்டிக்கொண்டே சென்சாரை வைக்க இடம் பார்த்தேன். அப்போதுதான் எதிர்ச்சுவரைப் பார்த்தேன். ரெண்டு ஆணியில் ஒரு பலகை. பலகையில் இடது ஓரத்தில் மாதா படம். நடுவில், ஜரிகை முடி சூட்டி, மல்லிகைச் சரம் போட்டு, அவள் நின்றிருந்தாள்.

ரோஜா நிறப் பாவாடை, நீல மேல்சட்டை, காலடியில் ஆட்டுக்குட்டி. தலையை நமக்கு இடது பக்கமாகச் சாய்த்து யாரோ வாசிப்பதைக் கேட்கிற பாவனை. எத்தனை வருஷம்! பாண்டியில் ஏறாத மாடி இல்லை, கேட்காத கடை இல்லை. என் வெடிச்சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு பலகையில் அவள் நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

யார் இது என்று கேட்டேன்.

"ஆக்னேசம்மா சார். புனிதை. ஆட்டுக்குட்டி இருக்குது பாருங்க, அதான் அவங்க அடையாளம். எங்க அம்மா பாண்டில தொரைங்க வூட்ல ஆயா வேல பாத்துகினு இருந்துச்சு. அவங்க சீமைக்குப் போவசொல்ல இவங்கள எங்க அம்மா கையில குடுத்துட்டுப் போனாங்க. வூட்டுக்கு இவங்கதான் காவல். எத்தினி வெடி வச்சாலும் அசஞ்சதில்ல."

புனித ஆக்னஸ் கன்னியாகவே உயிரைக் கொடுத்தவர் என்பது எனக்கும் தெரியும். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். மனு விஷயமாக வந்திருக்கும் சார், எப்படி மறுப்பது? புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, ரெண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். நானும் ரெண்டு கையாலும்தான் வாங்கினேன். அடுத்த நொடியில் கை அதன் வேலையைச் செய்துவிட்டது. கவிழ்த்தேன்.

ஜரிகை முடி கழன்று விழுந்தது. ஓட்டைக்குள்ளிருந்து சுருட்டிய காகிதத் துண்டுகள் பொலபொலவென்று தரையில் உதிர்ந்தன. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் என் கண் ஓட்டையின் ஓரத்தில்தான் இருந்தது. நீல முத்திரை. கீழே ஊசியால் கீறிய எண். துரையின் எண். அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். ஒரு வீட்டுச் சாமியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நின்றேன்.

"சாமியத் தலகீழாப் புடிச்சிகினு நிக்கிறீங்களே சார்," என்றார் அந்த அம்மா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

குனிந்து காகிதங்களைப் பொறுக்கிக் கொடுத்தேன். எல்லாம் வேண்டுதல் சீட்டுகள். படிக்கக் கூடாதென்றுதான் பார்த்தேன், ஒன்று தானாக விரிந்துவிட்டது. பென்சிலில் ரெண்டே வார்த்தை: வூடு நிக்கணும். நான் சொன்ன மன்னிப்பு அவருக்குப் போதவில்லை. என்னிடம் கேட்டு என்ன சார், ஆக்னேசம்மாவிடம் கேளுங்கள், ஏதாவது காணிக்கை வைத்துவிடுங்கள் என்றார். சரி என்றேன். அதற்குள் தூரத்தில் முதல் சங்கு ஊதியது. இன்னும் பத்து நிமிஷம்.

சென்சாரைத் தரையில் வைத்து மணல்மூட்டையைப் போட்டேன். அவர் பொம்மையைப் பலகையில் நிறுத்தி, முடியைச் சூட்டி, சரத்தைச் சரிசெய்தார். அப்போது பலகை லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. வலது பக்கத்து ஆணி சுவரில் முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. ஆணியைச் சுற்றி விரிசல். இத்தனை வருஷம் அசையாமல் நின்றவள் இன்றைக்கு விழுவாள் என்று எனக்குத் தோன்றியது. இல்லை, நிச்சயமாகத் தெரிந்தது. வெடி முடிகிறவரை கட்டிலில் படுக்க வையுங்கள் அம்மா என்று கெஞ்சினேன்.

"காவலுக்கு நிக்கிறவங்களப் படுன்னு சொல்லலாமா சார்? அவங்க எடத்துல அவங்க நிக்கட்டும். நீங்க மெஷினப் பாருங்க. மூணு மனு போட்டு இப்பத்தான் வந்திருக்கீங்க."

அவரை வாசலோரம் நிற்கச் சொன்னேன். அசையவே கூடாது, மூச்சுவிடுவதுகூட மெதுவாக விடுங்கள் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல, அவர் அப்படியே நின்றார். நான் மீட்டரின் இந்தப் பக்கம். பலகை எனக்கு ரெண்டு எட்டுத் தூரத்தில். இரண்டாவது சங்கு ஊதியது. வழக்கமாக அந்தச் சங்குக்கும் வெடிக்கும் நடுவில் எனக்கு எந்த யோசனையும் வராது. அன்றைக்கு ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்கிடாக்கியில் நிறுத்தச் சொல்லலாமா என்றுகூட ஓடியது. என்ன காரணம் சொல்வது?

வெடித்தது. முதலில் தரைக்கு வந்தது, அப்புறம்தான் காதுக்கு. ஓடு ஒருமுறை கலகலத்தது. பலகையில் ஆட்டுக்குட்டி பக்கம் ஒரு சின்ன அசைவு. அவ்வளவுதான் பார்த்தேன். ரெண்டே எட்டில் பாய்ந்து போய் ரெண்டு கையையும் பலகைக்குக் கீழே ஏந்திக்கொண்டு நின்றேன். அவள் விழவில்லை. விழுகிற மாதிரிகூட இல்லை. என் தலைக்கு மேலே தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா கட்டிய கையோடு, நான் சொன்ன இடத்தில், ஒரு விரல்கூட அசையாமல் நின்றிருந்தார்.

மீட்டரில் ரெண்டு கோடு விழுந்திருந்தது. ஒன்று வெடி. அதன் மேலேயே ஏறி, அதை முழுக்க மூடிக்கொண்டு, மலை மாதிரி என் கால். அவர் எட்டிப் பார்த்தார். படிப்பு அதிகமில்லை என்றாலும் உயரம் தெரியுமே. இவ்வளவு காட்டுதே சார், நான் சொன்னது பொய்யில்லையே என்று முகம் மலர்ந்தது. சாமியைத் தாங்க ஓடினேன் என்பதில் என்மேல் இருந்த கோபமும் தணிந்துவிட்டது. டீ போடட்டுமா என்றார். அந்தக் கோடு வீடு ஆடியதில்லை, நான் குதித்தது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆபீஸில் பார்த்துச் சொல்கிறேன் என்று மணல்மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். காணிக்கையும் வைக்கவில்லை.

பொய்க் கணக்கு எழுத மனம் வரவில்லை. உண்மையை எழுதவும் வெட்கம். ஆகவே ஆபீஸ் பாஷையில் எழுதினேன்: கருவிக்கு அருகில் ஆள் நடமாட்டம், பதிவு செல்லாது. ஆள் என்றால் யார்? எழுதும்போது எனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் குறிப்புகளில் ஆள் என்றால் எப்போதும் வீட்டுக்காரர்தான். மீட்டர் வைக்கப் போனவன் ஆள் கணக்கில் வரவே மாட்டான். இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தையைப் போட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் துரையை மேஜையில் எடுத்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயத்தை மனைவியிடம் சொன்னேன், ஆள் என்ற வார்த்தையைத் தவிர. கேட்டு வாங்கிவிடலாமே, அவர்களுக்கு நல்லதாக ஒரு ஆக்னஸ் சிலை வாங்கிக் கொடுத்துவிட்டு என்று ஆரம்பித்தேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு அது பொம்மை. அவங்களுக்கு இல்ல. ஓய்வு பெறப் போற வயசுல இது புரியலன்னா எப்பங்க புரியும்?" என்றாள்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். அன்றைக்கு நம்பர் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மனுவை முடித்துவிட்டார்களாம், மனுதாரர் அசைந்துவிட்டார், அளவெடுக்க ஒத்துழைக்கவில்லை என்று பதில் வந்திருக்கிறதாம்.

"நான் மெரண்டு ஓடிட்டன்னு எழுதியிருக்காங்களாம் சார். நீங்க பாத்துகினுதான இருந்தீங்க? நான் அசஞ்சனா?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றேன். இல்லம்மா, நீங்கள் அசையவில்லை என்றேன். வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் வாங்கிய எந்தத் திட்டும் அந்தக் கேள்வியைப் போல என்னை அறைந்ததில்லை. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை, சாட்சிக்குத்தான் கூப்பிட்டார்.

அன்றே இன்னொரு குறிப்பு எழுதினேன். அசைந்தது மனுதாரர் இல்லை, அளவெடுக்கப் போன நான். மறுபடி அளவெடுக்க வேண்டும். மேலதிகாரி என்னைவிட இருபது வயது சின்னவர். எதற்கு சார் ஓடினீர்கள் என்று கேட்டார். பலகையில் இருந்த பொம்மை விழுந்துவிடும் என்று பயந்தேன் என்றேன். முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். போகிற காலத்தில் இதெல்லாம் பைலில் ஏற வேண்டுமா என்றார். ஏறட்டும் என்றேன். விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன். மறுபடி அளவெடுக்கத் தேதியும் கிடைத்தது, நான் ஓய்வு பெறுகிற வாரத்தில்.

மறுபடி அளவெடுக்கப் போன அன்று காலையில் நான் செய்த காரியத்துக்கு இப்போதும் சரியான காரணம் சொல்ல முடியவில்லை. துரையைத் தேன்மெழுகிலிருந்து பெயர்த்து எடுத்து, ரெண்டு துண்டில் சுற்றி, டிபன்பாக்ஸ் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு துண்டுத் தேன்மெழுகையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். மனைவியிடம் சொல்லவில்லை.

அந்த அம்மா வீட்டைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். முதலில் அவரிடம் சொல்லிவிட்டேன்: போன தடவை பெரிய கோடு வீடு ஆடியதில்லை, நான் குதித்தது, உங்கள் பெயர் கெட்டதும் என்னால்தான். அவர் தரையைப் பார்த்தபடி, போனில் இதைச் சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருக்கலாம். சென்சாரை வைத்தேன், மூட்டையைப் போட்டேன். அப்புறம் பையைத் திறந்து துண்டைப் பிரித்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். "இவரு யாரு சார்?"

வாய் வரை வந்துவிட்டது. இவளுடைய ஜோடி, காதலன், இவளைப் பார்த்துத்தான் வாசிக்கிறான். சொல்லியிருந்தால் அந்தப் பலகையில் ஆக்னேசம்மா இருந்திருக்க மாட்டார். ரோஜாப் பாவாடை கட்டிய ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்தான் நின்றிருப்பாள். அந்த வீட்டுக்கு அப்புறம் காவல் யார்?

"ஆட்டுக்காரரும்மா," என்றேன். "அந்தக் குட்டி இவரோடது."

அவர் முகம் மாறியது. ரெண்டு கையையும் நீட்டினார். "காணிக்கை கொண்டாந்துட்டீங்க," என்றார். "அன்னிக்கு வைக்காமப் போயிட்டீங்கன்னு நெனச்சிகினே இருந்தேன்."

இல்லை, காட்டத்தான் கொண்டுவந்தேன் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் முதல் சங்கு ஊதியது. அவர் துரையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கவிழ்த்துப் பார்க்கவில்லை. நெற்றியில் ஒற்றிக்கொண்டு பலகைக்குப் போனார். இடது பக்கம் மாதா படம் இருந்ததால் வலது ஓரத்தில், அதே ஆணிப் பக்கம், துரையை நிறுத்தினார். ஆணியைப் பார்த்தேன். யாரோ உள்ளே அடித்துச் சிமென்ட் பூசியிருந்தார்கள். தேன்மெழுகு என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் எதற்கென்று விளக்க வேண்டும், பொம்மைகளைத் தூக்க வேண்டும். அதற்குள் அவர் வாசலோரம் போய், போன தடவை நின்ற இடத்திலேயே, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

பக்கம் மாறிப்போயிருந்தது. அவள் இடது பக்கம் தலையைச் சாய்த்து மாதா படத்தைப் பார்த்தாள். துரை அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து வாசித்தார். நடுவில் ஒரு நூல் இடம். முப்பது வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்டது இதில்லை. ரெண்டையும் இடம் மாற்ற ரெண்டே எட்டுத்தான்.

இரண்டாவது சங்கு. என் கால் ரெண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டேன். இந்தத் தடவை நான் பலகையைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரை உதறியது. ஓடு கலகலத்தது. பலகைப் பக்கம் பீங்கானும் பீங்கானும் உரசிய மாதிரி ஒரு 'கிண்' சத்தம். நகத்தால் கண்ணாடி டம்ளரைச் சுண்டினது போல அவ்வளவு சின்னச் சத்தம். என் உடம்பு முழுக்கப் பாய்ந்தது. கால் பாயவில்லை. சுவரிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்து அடங்கியது. ஆபத்தில்லை என்கிற மூன்றாவது சங்கு ஊதுகிறவரை ரெண்டு பேரும் அப்படியே நின்றோம்.

மீட்டரில் ஒரே கோடு. சுத்தமான கோடு. அவர் எட்டிப் பார்த்து, சின்னதாக இருக்கிறதே என்றார். ஆமாம்மா, வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் இருக்கிறது. இந்தப் பக்கக் குழிகளில் மருந்தைக் குறைக்கச் சொல்லி எழுதுவேன், என் பெயரைப் போட்டு எழுதுவேன் என்றேன். அவர் தலையாட்டினார். சந்தோஷப்பட்டார் என்று சொல்ல மாட்டேன். நம்பினார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. என் மனைவி. வெடி போட்டு இவ்வளவு நேரமாகியும் என் போன் வரவில்லையே என்று, கேட்காமலே ஹாலுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். அலமாரியில் பென்சில் கோடும் மெழுகும்தான் இருந்திருக்கின்றன. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று மூச்சிலேயே தெரிந்தது.

"துரை நிக்கிறாரா?" என்று கேட்டாள்.

நான் பலகைக்குப் போய்ப் பார்த்தேன்.

"நிக்கிறாரு," என்றேன்.